தீ அணைந்த பிறகு வருபவர்கள் போதும்

லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசையே சாம்பலாகிறது. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து மலையேறி வருவதற்குள் பிள்ளைகளின் புத்தகமும் பிறப்புச் சான்றிதழும் போய்விடுகின்றன. பிறகு பாயும் அரிசியுமாக அரசியல்வாதிகள் வருகிறார்கள்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. "தோட்டம் கம்பெனிக்குரியது" என்று இனியும் கைவிரிக்கச் சபைக்கு நியாயமில்லை. ஆனாலும் தண்ணீர்த் தாங்கிக்கும், வண்டி வரும் பாதைக்கும் பணம் கேட்டு வாதாட அங்கே நம்மவர் வேண்டும்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் சட்டப்படி உண்டு. அடுத்த தேர்தலில் கொழுந்து பறிக்கும் நம் அக்காமாரே வேட்பாளராக நிற்கட்டும். வாக்களிக்க மட்டுமா நாம் பிறந்தோம்?