அம்மாவுக்கும் வேண்டும் ஓய்வுநாள்

ஞாயிறு ஓய்வுநாள் என்று தேவாலயத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். ஆனால், பல வீடுகளில் அன்றுதான் அம்மாவுக்கு வேலை அதிகம். காலையில் பசியாறச் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் உணவு பரிமாறி, பாத்திரம் கழுவி வீடு திரும்பினால் பள்ளிச் சீருடைகள் காத்திருக்கும்.

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை மகன், மகள், வேலைக்காரர், கால்நடை, அந்நியர் என வரிசையாகக் குறிப்பிடுகிறது. தாய் என்ற சொல் அதில் இல்லை. 'நீ' என்பதில் அவரும் அடக்கம் என்று விளக்கம் சொல்லலாம். நடைமுறையில் அவர் விடுபட்டுவிடுகிறார்.

சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்களுக்கு மாதம் ஒரு நாளாவது ஓய்வு தர வேண்டும், அதற்கு ஈடாகப் பணம் கொடுக்க முடியாது என்ற விதி 2023இல் நடப்புக்கு வந்தது. அம்மாவுக்கு அப்படி விதி ஏதும் இல்லை. குடும்பமும் சபையும்தான் அதை உருவாக்க வேண்டும்.

ஓய்வெடுப்பது சுயநலம் என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். களைத்திருந்த சீடர்களைத் தனியிடம் சென்று இளைப்பாறச் சொன்னவர் இயேசு. மார்த்தாள் கவலைப்பட்டதைப் பற்றிப் பேசுகிறோம். அவர் உதவி கேட்டதை மறந்துவிடுகிறோம்.

மாதம் ஒரு ஞாயிறு சபையின் சமையலறையை இளையர்கள் பொறுப்பேற்கலாம். ஆண்களும் பாத்திரம் கழுவலாம். சிறுபிள்ளைகளை இரண்டு மணி நேரம் நாமே பார்த்துக்கொள்ளலாம். அந்நேரத்தில் அம்மா ஜெபிக்கட்டும், தூங்கட்டும், சும்மாவும் இருக்கட்டும். அன்னையர் தின ரோஜாவைவிட அதுவே அவருக்குத் தேவை.