செய்தியா? காசு வாங்கிய விளம்பரமா? சரிகையைப் போல சுரண்டிப் பாருங்க!

காஞ்சீபுரம்:-

காந்தி ரோட்டில் பட்டுச்சேலை எடுக்க வருகிறவர்கள் சரிகையைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். தெரியாவிட்டால், "போலிச் சரிகையை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

தேர்தல் நேரத்துச் செய்தியை யாராவது இப்படிச் சுரண்டுகிறார்களா?

சுரண்டினால் சிலவற்றின் உள்ளே தெரிவது ரூபாய் நோட்டு! வேட்பாளரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர் புகழைச் செய்தி போலவே அச்சடிக்கும் மோசடி இது.

ஒரே கட்டுரை, 3 பத்திரிகை

2009 மராட்டிய சட்டசபைத் தேர்தலில் நடந்த கூத்து இது. அப்போதைய முதல்-மந்திரி அசோக் சவானைப் புகழ்ந்து ஒரே கட்டுரை, வரி மாறாமல், ஒன்றுக்கொன்று போட்டியான 3 மராத்திப் பத்திரிகைகளில் வந்தது. "இந்து" நாளிதழில் பி.சாய்நாத் இதை அம்பலப்படுத்தினார்.

பக்கம் பக்கமாகப் புகழ்மாலை. பத்திரிகை விளம்பரச் செலவு என்று சவான் காட்டிய கணக்கோ 5 ஆயிரத்து 379 ரூபாய்! பணம் கொடுக்கவே இல்லை என்றார் அவர். தேர்தல் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2014-ல் டெல்லி ஐகோர்ட்டு கமிஷனின் உத்தரவை ரத்து செய்தது.

பதவி போனது

உத்தரபிரதேசத்தில் அப்படித் தப்ப முடியவில்லை. பிசவுலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், 2007 தேர்தலில் 2 இந்திப் பத்திரிகைகளில் வந்த இப்படிப்பட்ட "செய்தி"க்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை. 2011 அக்டோபரில் அவரை 3 ஆண்டுக்குத் தகுதி நீக்கம் செய்தது கமிஷன்.

நம்ம ஊரில் பேப்பரே தபால்காரன் வேலை பார்த்ததாகவும் ஒரு புகார் உண்டு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் காலைப் பேப்பருக்குள் பணக் கவர் வைத்து வினியோகித்ததாக, அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் ரகசியக் குறிப்பு சொன்னது. 2011-ல் அது வெளியாகிப் பெரும் பரபரப்பானது.

சட்டத்தில் ஓட்டை

மாவட்டந்தோறும் தேர்தலின்போது கண்காணிப்புக் கமிட்டி உண்டு. சந்தேகச் செய்தி வந்தால் வேட்பாளருக்கு நோட்டீசு போகும். செலவு அவர் கணக்கில் ஏறும். அவ்வளவுதான்! காசுக்குச் செய்தி போடுவது தனித் தேர்தல் குற்றமாக்கப்படவில்லை. பிரஸ் கவுன்சில் பத்திரிகையைக் கண்டிக்கலாம், தண்டிக்க முடியாது.

இதே காஞ்சீபுரத்தில் 1942-ல் அண்ணா "திராவிட நாடு" இதழைத் தொடங்கினார். எந்தக் கொள்கைக்காக எழுதுகிறார் என்பது வாங்குகிறவருக்குத் தெரியும். பிடித்தால் படிக்கலாம், பிடிக்காவிட்டால் போகலாம். ஒரு பக்கம் சாய்வது மோசடி ஆகாது. சாய்வதற்குக் கூலி வாங்கிவிட்டு மறைப்பதுதான் மோசடி.

ஓட்டுக்கு நோட்டு வாங்கினவனுக்காவது தான் வாங்கினது தெரியும். காசுச் செய்தியைப் படிக்கிறவருக்கு அதுவும் தெரியாது. பேப்பருக்குக் காசும் கொடுத்து, ஓட்டையும் கொடுத்து ஏமாறுகிறார்!

ஆகவே, ஒரே புகழ்ச்சி 2 பேப்பரில் வரி மாறாமல் வந்தால் உஷார்! மூலையில் பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று இருக்கிறதா பாருங்கள். சேலை சாயம் போனால் வேறு சேலை வாங்கலாம். ஓட்டு போனால் 5 வருஷம் காத்திருக்க வேண்டும்.