பஜோல் கூரையும் எம் குளிர் வீடுகளும்

லாச்சப்பல் கடைத்தெருவில் பொருள் வாங்கித் திரும்பும் எம்மவருக்குப் பஜோல் வீதியின் பழைய புகையிரதச் சரக்குக் கொட்டகை சில நிமிட நடைதான். அதனை இடித்துத் தள்ளியிருக்கலாம். கட்டடக் கலைஞர் பிரான்சுவாஸ்-எலென் ஜூர்டா அதன் இரும்புச் சட்டகத்தைப் பேணி, உள்ளே மரக்கட்டடம் எழுப்பி, கூரையெங்கும் சூரியத் தகடுகளைப் பதிப்பித்தார். 2013 இல் இளைஞர் விடுதியும் நூலகமும் அங்கே திறக்கப்பட்டன. இரும்பும் சீமெந்தும் புதிதாய் ஆக்க எரியும் நிலக்கரி அந்தளவுக்கு மிச்சம். இதில் அதிசயத் தொழில்நுட்பம் ஏதுமில்லை.

அதே வட்டாரத்தில் எம் குடும்பங்கள் பல, ஈரச் சுவர்களுக்குள் மின்கணப்புக்குப் பணத்தைக் கரைக்கின்றன. 2021 ஆம் ஆண்டின் காலநிலைச் சட்டப்படி, 2025 சனவரி முதலாம் நாளுக்குப் பின் வாடகைக்கு விடப்படும், அல்லது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் வீடு, சக்தித் தரத்தில் ஆகக் கடைசி வகுப்பினதாயின் தகுதியான உறைவிடமாகாது. அதற்கு மேல்வகுப்புக்கு 2028 இலிருந்து இவ்விதி வரும். காப்பிடல், சன்னல் மாற்றல் போன்ற திருத்தங்களை வீட்டுக்காரரிடம் கோர உரிமையுண்டு.

வீட்டை இழந்தால் விசாவும் சிக்கலாகுமோ என்றெண்ணி எம்மவர் வாய்திறப்பதில்லை. அவ்வச்சம் எமக்கும் அந்நியமன்று. ஆயினும் கையெழுத்திடுமுன் சக்தித் தரச் சான்றிதழைக் கேட்பது சண்டையன்று. வீட்டுக்காரர் அதை ஒப்பந்தத்துடன் இணைத்தே தரவேண்டும்.