சுகர் இருக்கிற வீட்டுல பாலிசி மட்டும் போதாது, பாதத்தையும் பாருங்க!

"அப்பாவுக்கு சுகர் இருக்கு, எந்த ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்கலாம்?" நம்ம சேனல்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. நல்ல கேள்விதான். ஆனா அப்பாவோட பாதத்தைக் கடைசியா எப்போ பார்த்தீங்க? என்னைக் கேட்டா, சுகர் இருக்கிற வீட்டுல பிரீமியத்துக்கு ஒதுக்கற மாதிரியே கால் பரிசோதனைக்கும் வருஷா வருஷம் பணம் ஒதுக்கணும்.

ஏன் கால்?

சுகர் பல வருஷம் கட்டுப்பாட்டுல இல்லேன்னா ரத்தக் குழாயோட உட்சுவர் கெட்டு, கொழுப்பு படிஞ்சு, குழாய் குறுகிடும். முழங்காலுக்குக் கீழே இது அதிகம். சிகரெட், பிபி, கொலஸ்ட்ரால் சேர்ந்தா ஆபத்து இன்னும் கூடும். நடந்தா கெண்டைக்கால் வலிக்கும், நின்னா விட்டுடும். இதுதான் வழக்கமான எச்சரிக்கை. ஆனா சுகர் நரம்பையும் மரத்துப்போக வைக்கிறதால, பலருக்கு அந்த வலியே தெரியாது. செருப்பு கடிச்ச புண்ணும் தெரியாது. ரத்த ஓட்டம் இல்லாத இடத்துல புண் சீக்கிரம் ஆறாது. முத்திப்போனா விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம்.

பாலிசி என்ன செய்யும்?

ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும், அதுவும் நிபந்தனையோட. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலத்தை 2024-ல ஐஆர்டிஏஐ அதிகபட்சம் 3 வருஷம்னு குறைச்சது. அதுக்காக ஃபார்ம்ல சுகரை மறைக்காதீங்க, க்ளெய்மே நிராகரிக்கப்படலாம். ஆனா டிரைவரோ, நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கிற கடைக்காரரோ காலை இழந்தா, நின்னுபோற வருமானத்தை அந்தப் பாலிசி தராது.

அப்போ என்ன செய்யணும்?

வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட பாதத்தைக் காட்டுங்க. நாடித்துடிப்பு, உணர்ச்சி ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. தேவைன்னா ஏபிஐ டெஸ்ட் எடுப்பாங்க. கணுக்கால் பிபியைக் கை பிபியால வகுக்கிற கணக்கு அது. 0.9-க்குக் கீழே வந்தா அடைப்பு இருக்கலாம். 1.4-க்கு மேல போனா சந்தோஷப்படாதீங்க, குழாய் இறுகிப்போயிருக்கலாம்.

வீட்டுல தினமும் விரல் இடுக்கு வரைக்கும் பாருங்க. வெறுங்கால் வேண்டாம். கால் ஆணியை பிளேடால வெட்டவே கூடாது.

பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம். தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை 80டி வரம்புக்குள்ளேயே கழிவு உண்டு. பெத்தவங்களுக்காகச் செலவு பண்ணினாலும், ரொக்கமா கட்டினாலும் செல்லும். பில்லை மட்டும் பத்திரமா வைங்க.

"சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு, எதுக்கு வீண் செலவு?"ன்னு அப்பா சொல்லுவார். விடாதீங்க. அடுத்த பிரீமியம் கட்டுற தேதிக்குப் பக்கத்துலயே பாதப் பரிசோதனைக்கும் ஒரு தேதி குறிச்சு, கையோட கூட்டிட்டுப் போங்க.