ஐந்து எஸ்ஸும் ஆறு சாக்கு மூட்டையும்

சண்டையை முதலிலேயே ஆரம்பித்துவிடுகிறேன். "லீன்", "ஆபரேஷனல் எக்ஸலன்ஸ்" என்ற பெயரில் நம் ஆபீஸ்களில் நடப்பதில் முக்கால்வாசி வெறும் வெள்ளையடிப்பு. சுவரில் போஸ்டர், மேஜையில் மஞ்சள் டேப், பீரோவில் லேபிள். க்யூவில் நிற்கிறவர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்த வெள்ளையடிப்பை முன்னின்று செய்தவன், அதற்குச் சான்றிதழும் வாங்கியவன் என்பதுதான்.

நான் இருப்பது அந்தமானில், மரைன் ஹில்லில். (2024 செப்டம்பரில் ஊர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.) இங்கே எங்களைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு ரொம்ப வருஷமாக ஒரு அருமையான சாக்கு கையில் இருந்தது. "லிங்க் இல்லை." சாட்டிலைட்டை நம்பிப் பிழைத்த காலம். மழை வந்தால் லிங்க் போகும், மழையோ இங்கே வருஷத்தில் பாதி நாள். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் இருந்து கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டுத் திறந்துவிட்டார்கள். சாக்கு போச்சு. அதன் பிறகு கம்ப்யூட்டர் வேகமாக ஓடியது, ஃபைல் பழைய வேகத்திலேயே நகர்ந்தது. இத்தனை வருஷத் தாமதத்தில் பெரும்பங்கு எங்கள் மேஜைகளுக்கு நடுவில் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

2022ல் ஒரு அம்மா வந்தார். பரமக்குடிப் பக்கத்துக் கிராமம். கணவர் இங்கே கொத்தனார், முப்பது வருஷம் இந்தத் தீவில் கட்டடம் கட்டியவர், இறந்துவிட்டார். கணக்கில் இரண்டேகால் லட்சம் இருந்தது.

"நாமினி யாரும் போட்டிருக்காராம்மா?"

"போட்டேன்னுதான் சொன்னாரு சார். என் பேருதான்னு சொன்னாரு."

ஸ்க்ரீனில் பார்த்தால் நாமினி கட்டம் காலி. காலி என்றால் காலிதான். வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாங்க என்றோம். சென்னைக்கு மூன்று நாள் கப்பல், அப்புறம் ஊர், வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், திரும்ப மூன்று நாள் கப்பல். இரண்டு மாதம் கழித்து வந்தார். ஃபைல் மெயின்லேண்டில் உள்ள மேலிடத்துக்குப் போய், ஒரு கையெழுத்து குறைகிறது என்று திரும்பி வந்து, மறுபடி போனது. பணம் அவர் கைக்கு வர மொத்தம் நான்கு மாதத்துக்கு மேல். அந்த ஃபைலில் எல்லோருமாகச் சேர்ந்து உண்மையில் வேலை பார்த்த நேரத்தைப் பின்னால் கூட்டிப் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் தேறவில்லை.

இது பாதிக் கதைதான். அடுத்த வருஷம் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் பியூன் சொன்னார்: "சார், பழைய நாமினேஷன் ரிஜிஸ்டரா? அது அந்த மூட்டையிலல்ல கெடக்கு." ரெக்கார்டு ரூம் மூலையில் ஆறு சாக்கு மூட்டை. பிரித்தால் அந்தக் கொத்தனாரின் பதிவு இருக்கிறது. 2009ஆம் வருஷம், மனைவி பெயர், அவர் கையெழுத்து, எங்கள் சீல். கணக்குகள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது ஏற்றாமல் விட்டுப்போன பதிவு.

சரி, ரிஜிஸ்டர் ஏன் மூட்டைக்குப் போனது? 5எஸ்! முதல் எஸ் "செய்ரி", அதாவது வேண்டாததைப் பிரித்து அகற்று. ஒரு வருஷமாகத் தொடாத பொருளில் சிவப்புச் சீட்டு ஒட்டு என்று ட்ரெயினிங்கில் சொன்னார்கள். ஒட்டினேன். என் கையால் ஒட்டினேன். பீரோ பளிச்சென்று ஆனது, போட்டோ எடுத்து மேலே அனுப்பினோம், சிறந்த கிளை என்று ஃப்ரேம் போட்ட சான்றிதழ் வந்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாமினி இருந்தால் வாரிசுரிமைச் சான்று எதுவும் கேட்கக்கூடாது, இறப்புச் சான்றும் அடையாளமும் பார்த்து 15 நாளில் முடித்துக் கொடு என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூனிலேயே சொல்லிவிட்டது. ஆக விதியின் மேல் பழி போட வழியில்லை.

ஜப்பானில் இதை ஆரம்பித்தவர்கள் பீரோவில் இருந்து ஆரம்பிக்கவில்லை. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ ஏழு வகை விரயம் என்று பட்டியல் போட்டார். காத்திருப்பு, தேவையில்லாத போக்குவரத்து, தேவைக்கு மேல் செய்யும் வேலை, தப்பு செய்து திரும்பச் செய்வது... அந்த அம்மாவின் ஃபைலில் இந்த நான்குமே இருக்கிறது. எங்கள் மாதாந்திர சார்ட்டில் ஒன்றுமே இல்லை! ஏனென்றால் நாங்கள் அளந்தது கவுன்ட்டரில் ஒரு வவுச்சருக்கு எத்தனை நிமிடம் என்பதை. நான் படித்தது பி.காம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் எழுபத்தெட்டு மார்க். அவருடைய கப்பல் டிக்கெட், போன கூலி, தாலுகா ஆபீஸ் வாசல் செலவு, இதெல்லாம் எங்கள் எந்த லெட்ஜரிலும் வராது. வராததால் அது செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஓனோவைப் பற்றி இன்னொன்று சொல்வார்கள். தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இன்ஜினியரை அதற்குள் நிறுத்தி, மணிக்கணக்காகப் பார்க்கச் சொல்வாராம். எக்ஸலன்ஸ் பாடம் எடுக்க வரும் பெரியவர்களிடம் என் வேண்டுகோள் அதுதான். பவர்பாயின்டைக் கொஞ்சம் மூடிவிட்டு எங்கள் ஹாலில் நவம்பர் முதல் வாரம், பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வரும்போது, ஒரு வட்டத்துக்குள் நில்லுங்கள். 2014லேயே டிஜிட்டல் உயிர்வாழ் சான்று வந்துவிட்டது, 2021ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றும் ஆகிவிட்டது. ஆனாலும் எண்பது வயதுப் பெரியவர் ஏன் ஆட்டோ பிடித்து வருகிறார் என்று அவரிடமே கேளுங்கள். சொல்லித்தர ஆளில்லை என்பார்.

"பேங்க் என்ன கார் ஃபேக்டரியா?" என்று கேட்பவர்கள் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் கார் ஃபேக்டரி இல்லை. டாக்டர் வெங்கடசாமி அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒரு கண்ணை முடித்துத் திரும்பினால் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்வார், மீதியைப் பயிற்சி கொடுத்த கிராமத்துப் பெண்கள் செய்வார்கள். காசில்லாதவருக்கும் அதே ஆபரேஷன். அங்கே யோசனை படுத்திருப்பவரிடம் இருந்து தொடங்கியது. ஃபேக்டரிதான் வேண்டும் என்றால் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன், 1998ல் டெமிங் பரிசு வாங்கியது. நம் ஆட்களுக்கு வராது என்ற பேச்சை விட்டுவிடலாம்.

யூனியன் நண்பர்கள் லீன் என்றாலே ஆள்குறைப்பு என்கிறார்கள். பயம் நியாயமானது. டொயோட்டாவிலேயே 1950ல் ஆட்களை அனுப்பி, பெரிய ஸ்ட்ரைக் நடந்து, கீச்சிரோ டொயோடா பதவி விலக வேண்டியதாயிற்று. ஆனால் அங்கே தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம் என்ற உரிமையும் வந்தது. அந்தப் பாடத்தை இங்கே யாரும் எடுப்பதில்லை. எங்கள் பியூனுக்கு ரிஜிஸ்டர் எங்கே என்று முதல் நாளே தெரியும். அந்த அம்மா கவுன்ட்டரில் அழுதபோது பக்கத்தில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகச் சொல்லவும் எங்கள் கிளையில் வழக்கமில்லை. இது எந்த எஸ்ஸில் வருகிறது?

நிற்க. ஊரை விட்டு வந்து பிழைக்கிற குடும்பங்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பாஸ்புக்கை எடுத்து நாமினேஷன் பதிவானதாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் "எப்பவோ போட்டோமே" என்று சும்மா இருக்காதீர்கள், புதிதாக எழுதிக்கொடுத்து ரசீது வாங்குங்கள். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை போடலாம். ஊரில் அப்பா அம்மா பெயரில் இருக்கும் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

சான்றிதழைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டேன். மூட்டைகளைப் பிரித்து, வேலை நாளாக வரும் சனிக்கிழமைகளில் கூட்டம் குறைந்ததும் நானும் பியூனும் உட்கார்ந்து கொள்கிறோம். அவர் படிக்கிறார், நான் ஏற்றுகிறேன். இன்னும் ஒன்றரை மூட்டை பாக்கி.