ஏரி அழகு, காசு யாருடையது?

லீட்ஸில் படிக்கும் தோழர்கள் இருவரோடு ஹேர்வுட் மாளிகைக்குப் போயிருந்தேன். அழகான இடம்தான், பொய் சொல்லக் கூடாது. கேப்பபிலிட்டி பிரவுன் வடிவமைத்த புல்வெளி, செயற்கை ஏரி, உள்ளே சிப்பண்டேல் செய்த நாற்காலிகள். நாங்களும் படம் எடுத்துக்கொண்டோம்.

1759இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. காசு? லாசெல்ஸ் குடும்பத்தின் மேற்கிந்தியச் சர்க்கரை வணிகம், அடிமை உழைப்பு. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! ஹேர்வுட் பிரபு 1,277 மனிதர்களுக்காக 26,000 பவுண்டுக்கு மேல் வாங்கிக்கொண்டார். அந்த 1,277 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை.

இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்தது. அப்படியானால் லீட்ஸில் பேருந்து ஓட்டிய, மருத்துவமனையில் வேலை பார்த்த கரீபியக் குடியேறிகளின் வரியும் அதில் போயிருக்கிறது. தன் பாட்டனை அடிமையாக வைத்திருந்தவனுக்குப் பேரன் தவணை கட்டியிருக்கிறான், தோழர்களே.

இன்றைய லாசெல்ஸ் குடும்பம் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லீட்ஸ் மேற்கிந்தியத் திருவிழாவைத் தொடங்கிய ஆர்தர் பிரான்ஸின் உருவப்படம் அந்த மாளிகைக்கு வந்திருக்கிறது. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் படம் மாட்டச் சுவர் போதும். நிலமும் ஏரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நாம் பஞ்சமி நிலத்தைக் கேட்டால், பழங்கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்பார்கள். 2015வரை தவணை கட்டியதை அவர்களிடம் சொல்லுங்கள்.