குட்டைகள் கோட்டைகளான கதை

நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரு கோப்பை அனுப்பி, ‘இனி உமக்குக் கவலையில்லை’ என்று எழுதியிருந்தார். மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாகப் பேசி ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வகை ஆட்டங்களை நான் நடத்துபவன் என்பது இங்கு சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆளுக்கொரு பாத்திரத்தை மற்றவர்கள் ஏற்க, ஒருவர் மட்டும் மிச்சமுள்ள உலகம் முழுவதையும் ஏற்பார். அவரைக் கேம் மாஸ்டர் என்பர். வானிலை, ஊர், எதிரி, வழிப்போக்கன் எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். வாரம் முழுதும் அலுவலகத்தில் உழல்பவனுக்கு இது எளிதன்று. ஆகவே ஆயத்தச் சந்திப்புகள் என்றொரு சரக்கு கிடைக்கிறது. பகடையை உருட்டு, எண்ணைப் பார், வாசி, முடிந்தது. நண்பர் அனுப்பியது பாலைவனத்துக்கானது.

அதை வைத்து ஓர் இரவு ஆடினோம். முதல் உருட்டலில் ராட்சதத் தேள். அடுத்ததில் மணலுக்கடியிலிருந்து எழும் புழு. மூன்றாவதில் ஒட்டகமேறிய கொள்ளையர். எத்தனை பேர் என்பதையும் பகடையே சொல்லும். நான்கு மணி நேரத்தில் நான்கு நாள் பயணம் முடிந்தது. தாகம் என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் மட்டும், ‘நம்மிடம் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்டார். பழைய ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். பூசாரிப் பாத்திரத்திடம் மந்திரம் இருக்கிறதாம்.

இருக்கத்தான் செய்கிறது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி வெயில் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 காலன் நீர் வேண்டும். அதே பதிப்பில் முதல் நிலைப் பூசாரி ஒரே மந்திரத்தில் 10 காலன் நீரை வரவழைத்துவிடலாம். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அன்றைய கணக்கு கச்சிதமாகத் தீர்ந்தது. பாலைவனமும் அத்தோடு தீர்ந்தது. எஞ்சுவது மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு மேடை. அதன்மேல் தேள் வந்தாலென்ன, பனிக்கரடி வந்தாலென்ன?

ஆங்கிலத்தில் இந்தச் சந்திப்புகளுக்கு என்கவுன்டர் என்று பெயர். நம் செய்தித்தாள்களில் அச்சொல்லுக்கு என்ன பொருளோ, ஏறக்குறைய அதே பொருள்தான் இப்பட்டியல்களிலும். எதிர்ப்பட்டவன் சாகவேண்டும்.

இதை எழுதியவர்களின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நோய் பிறவியிலேயே வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இவ்விளையாட்டை மூன்று சிறு நூல்களாக வெளியிட்டபோது, காட்டுவழிப் பயணத்துக்கு வேறொரு விளையாட்டின் பலகையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். 1972இல் அவலான் ஹில் நிறுவனம் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ அது. அந்த விளையாட்டின் உயிரே பசியும் தாகமும்தான். வழி தவறியவன் உணவும் நீரும் தேடி அறுகோணக் கட்டங்களில் அலைவான். கிடைக்காவிட்டால் படிப்படியாகச் சாவான். பலகையில் ஆங்காங்கே நீர் தேங்கும் குட்டைகள் வரையப்பட்டிருக்கும். 1974இன் மூன்றாம் நூல் அவற்றை என்ன செய்யச் சொன்னது தெரியுமா? குட்டைகளையெல்லாம் கோட்டைகளாகக் கொள்ளச் சொன்னது! வரைபடத்தை எடுத்துக்கொண்டு தாகத்தைக் கழித்துக் கட்டினார்கள். நீர் இருந்த இடத்தில் சண்டைக்காரப் பிரபு வந்து அமர்ந்தான். இத்தனை ஆண்டுகளாக நாம் அந்தக் கோட்டைகளைத்தான் முற்றுகையிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே நூலில் பாலைவனத்தில் எதிர்ப்படும் மனிதர்களுள் இரண்டு இனத்தாரைக் காட்டியிருக்கிறார்கள். நாடோடிகள், தர்வேஷ்கள். இந்தத் தர்வேஷ் அஞ்சாமல் பாயும் மதவெறியன். சூஃபி மரபில் தர்வேஷ் என்பவர் ஏழ்மையை ஏற்ற துறவி, வாசலில் நிற்கும் எளியவர். அவர் எப்போது வெறியரானார்? சூடானில் மஹ்தியின் படையோடு போரிட்ட ஆங்கிலேயர் அப்படையினரை அப்பெயரால் அழைத்தனர். அவர்கள் தங்களை அழைத்துக்கொண்டது அன்சார் என்று. 1898இல் ஓம்துர்மானில் அவர்களை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தினர். வென்றவர் வைத்த பெயர் மிருகப் பட்டியலில் ஏறிக்கொண்டது. 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மானுவல்’ தொகுதியிலும் தர்வேஷுக்கு இடமிருந்தது. இன்றைய ஆயத்தப் பட்டியல்களில் பெயர் மாறியிருக்கலாம். பேசுவதற்கு வாயில்லாத முகமூடிக் கொள்ளையன் அவருடைய வாரிசுதான்.

விதிவிலக்கு உண்டு, மறுக்கவில்லை. 1991இல் வந்த ‘டார்க் சன்’ உலகில் நீரும் உலோகமும் அரும்பொருள்கள்; அங்கே வறட்சி கதையை நடத்துகிறது. ஆனால் நான் பார்த்த ஆயத்தப் பட்டியல்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது எலும்பு வாளை மட்டுமே.

‘ஆடுவதற்கு வருகிறார்கள் ஐயா, புவியியல் பாடம் கேட்கவா?’ என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயத்தச் சரக்கே கூடாதென்பது என் கட்சியன்று. நம் திணைப் பகுப்பிலும் நிலத்துக்கு நிலம் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று கருப்பொருள் பட்டியல் இருக்கிறதே. ஆனால் அப்பட்டியல் பிரிவு என்ற உரிப்பொருளைச் சார்ந்து நின்றது. கலித்தொகைப் பாலையில் எதிர்ப்படும் ஆண் யானை யார்மீதும் பாய்வதில்லை. எஞ்சியிருக்கும் கொஞ்ச நீரைத் துணைக்குக் கொடுத்த பிறகே குடிக்கிறது. ஒரே காட்சியில் வறட்சியும் வந்துவிடுகிறது, தேர்வும் வந்துவிடுகிறது.

மெய்யான பாலைவனம் இதைவிடச் சுவையானது. வில்ஃபிரட் தெசிஜர் 1946 முதல் அரேபியாவின் ரூபல் காலியைப் பெதுவின மக்களோடு கடந்தார். 1959இல் அதை ‘அரேபியன் சாண்ட்ஸ்’ நூலாக எழுதினார். அதில் தேளுக்கு வேலை குறைவு. கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது; ஒட்டகத்தின் பாலே குடிநீர். மணலில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்து, ஒட்டகம் யாருடையது, எங்கிருந்து வந்தது, எப்போது கடந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். ஓர் இனத்தாரின் நிலத்துக்குள் நுழைய அவ்வினத்தவர் ஒருவர் துணைக்கு வரவேண்டும். அவர் ரஃபீக்; அவர் உடனிருக்கும்வரை அவர் இனத்தார் உங்களைத் தொடமாட்டார்கள். பல நாள் பட்டினிக்குப்பின் கிடைத்த முயலைச் சமைத்து முடிக்கும் நேரத்தில் விருந்தினர் வந்துவிட, பசித்தவர்கள் முகம் மலர்ந்து அதை அவர்களிடமே தந்துவிடுகிறார்கள். எந்தப் பகடைக்கு இப்படி ஒரு சந்திப்பு விழுந்திருக்கிறது?

நண்பருக்கு வெறும் வசை போதாதென்பதால், அவருடைய கோப்புக்குப் பதிலாக மூன்று சந்திப்புகளை எழுதி அனுப்பினேன்.

முதலாவது: மணலில் ஐந்து ஒட்டகங்களின் தடம். நான்கு ஆழமாகப் பதிந்திருக்கின்றன. ஐந்தாவது லேசாக, தள்ளாடி. அதன்மேல் இருந்தவர் எங்கோ இறங்கிவிட்டார், அல்லது இறக்கப்பட்டார். தடத்தைத் தொடர்ந்தால் கிணறு ஒரு நாள் தள்ளிப்போகும்.

இரண்டாவது: துணைக்கு வந்த ரஃபீக், தன் இனத்தாருக்கும் அடுத்த இனத்தாருக்கும் நேற்று இரத்தப் பகை மூண்டதென்ற செய்தியை வழிப்போக்கனிடம் கேட்கிறான். நேற்றுவரை குழுவைக் காத்தது அவன் இருப்பு. இன்று அதுவே ஆபத்து. அவனை அனுப்பிவிடலாம், தனியே திரும்பினால் அவன் பிழைப்பானா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது: கிணறு. ஒரு கிழவியும் இரண்டு சிறுவர்களும் தோல் வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆடுகள் முப்பது. நீர் ஊறுவது மெதுவாக. இருட்டுவதற்குள் ஆடுகள் குடிக்கலாம், அல்லது உங்கள் ஒட்டகங்கள் குடிக்கலாம். அவர்களிடம் ஆயுதமில்லை. கிழவி உங்களைப் பார்த்ததும் முதல் வாளியை உங்கள் பக்கம் நகர்த்துகிறாள்.

மூன்றாவதைச் சென்ற வாரம் ஆடினோம். தண்ணீர் மந்திரத்துக்கு எங்கள் மேசையில் தடை போட்டிருந்தேன். முதல் ஆட்டத்தில் நீரைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண், வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ‘கயிற்றை நான் இழுக்கட்டுமா என்று கேட்கிறேன்’ என்றார். பூசாரி ஆடுபவர் இன்னும் பகடையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.